மூன்றாம் இலைக்கு வைத்த காமிரா

இதையெல்லாம் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. கருணாகரன் இந்தக் கதையை இரண்டு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் முறை அன்று மழை என்றார். இரண்டாம் முறை நல்ல வெயில் என்றார். மற்றவர்களுக்கு மழையும் வெயிலும் ஒன்றாக இருக்கலாம். படம் எடுக்கிறவருக்கு அப்படி இல்லை. எதையோ ஒதுக்கிவிட்டுச் சொல்கிறார் என்று தோன்றியது. எதை என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட இடங்களை இத்தனை வருஷத்தில் நானே நிரப்பியிருக்கவும் கூடும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது, 1957. கருணாகரனுக்கு முப்பத்தெட்டு வயது. மலாக்காவில் பெண்டஹாரா சாலையில் ஒரு கடையைக் குறுக்கே பலகை வைத்துத் தடுத்து, பாதியை அவர் வைத்திருந்தார். முன்பக்கம் ரேடியோ ரிப்பேர். பின்பக்கம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் இடம். குடியிருந்தது காஜா பெராங்கில், சாரதாம்பாள் வீட்டின் பின்னறையில். எட்டு வருஷமாக வாடகைக்கு இருந்தார்.

சாரதாம்பாள் மலாக்காச் செட்டி இனத்துப் பெண்மணி. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது நான்கைந்து சொற்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரை அம்மா என்ற பொருளில் 'மாக்' என்பார்கள். கருணாகரனும் அப்படித்தான் கூப்பிட்டார். அந்த வீட்டில் இருந்த இன்னொருவர் மருமகள் ருக்மணி. துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் மகள், தமிழ் பேசுகிறவள். பதினெட்டு வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அடுத்த வருஷமே, 1943ல், ஜப்பானியர்கள் அவள் புருஷன் இராமலிங்கத்தைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவன் திரும்பவில்லை. இறந்தான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

ருக்மணி முதலில் கருணாகரனை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். வேறெதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அன்றே இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி பண்டார் ஹிலிர் திடலில் கொண்டாட்டம். திடல் முழுவதும் ஒரே படத்தில் வேண்டும் என்று விழாக்குழுவில் இருந்த ஒருவர் கருணாகரனிடம் கேட்டிருந்தார். ஒரு காமிராவுக்குள் அடங்காத கூட்டம். இடது, நடு, வலது என்று மூன்றை வைத்து எடுத்து, பிறகு ஒட்ட வேண்டும். ஆள் நகர்ந்தால் ஒட்டு தெரியும், அதனால் மூன்றின் விசையும் ஒரே நொடியில் விழ வேண்டும். பழைய மின்சார மணிகளிலிருந்து கழற்றிய மின்காந்தங்களை ஒவ்வொரு காமிராவின் விசையோடும் பொருத்தினார். ஒரு கார் பேட்டரி, அதிலிருந்து ஒரு மெல்லிய மணிக் கம்பி, முனையில் மூன்று கிளை. கையில் வாசல் மணிக்கு வைக்கிற ஒரு பொத்தான்.

ஜூலையில் ஒரு காலை அதைக் கொல்லையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அழுத்தினால் மூன்றும் ஒரே சத்தமாக விழும். சாரதாம்பாள் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"கருணா, இதுக்குப் பக்கத்துல நீ நிக்க வேண்டாமா?" என்று மலாயில் கேட்டார்.

"வேண்டாம் மாக். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போகலாம்."

"கதவுக்கு வெளியே?"

"போகலாம்."

ஈரத் துணி சாரதாம்பாள் கையிலேயே இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

மலாக்காச் செட்டிகள் வீடுகளில் வருஷத்துக்கு இரண்டு முறை பார்ச்சு உண்டு. இறந்தவர்களுக்குப் படைப்பது. போகிக்குச் சோறும் கறியும், வருஷ நடுவில் பழங்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. சாம்பிராணி போட்டு, பெயர் சொல்லி அழைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிட அவகாசம் தர வேண்டும். எட்டிப் பார்க்கக்கூடாது. சாரதாம்பாள் வீட்டில் இரண்டு இலை: கணவர் மாணிக்கவாசகத்துக்கு ஒன்று, ஆறு வயதில் காய்ச்சலில் போன மகள் விஜயாவுக்குச் சின்னதாக ஒன்று. இராமலிங்கத்துக்கு இலை போட்டதில்லை. பதினான்கு வருஷமாகச் சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இலை போட்டால் தாயே அவனை அனுப்பிவைத்த மாதிரி. இலை போடாத வரைக்கும் ருக்மணி இராமலிங்கத்தின் பெண்டாட்டி. அதற்கு மேல் யாருக்கும் பேச்சில்லை.

"மூணாவதா ஒரு இலை போடறேன். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்," என்றார் சாரதாம்பாள். "அங்கே இருக்கறவனா இருந்தா அப்பாவோடயும் அக்காவோடயும் சேர்ந்து வருவான். உன் பெட்டிங்க பாக்கட்டும். மனுஷன்தானே பாக்கக்கூடாது."

"மாக், காமிராவுல அதெல்லாம் விழாது."

"விழுமா விழாதான்னு நீ முன்னாடி பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னால் ருக்மணி அரிசி புடைக்கும் சத்தம் நின்றிருந்ததை அவர் கவனித்தார்.

பழப் பார்ச்சு அன்று இலைக்கு ஒரு காமிராவாக வைத்தார். டுரியானும் மங்குஸ்தீனும் சேர்ந்து அறை கனத்த வாசனையாக இருந்தது. ஜன்னல் சட்டங்களைத் திறந்து போதிய வெளிச்சம் விட்டார். கம்பியைக் கதவடியில் இழுத்து முன்கூடத்துக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. சாரதாம்பாள் தலையசைத்தபோது கருணாகரன் பொத்தானை அழுத்தினார். உள்ளே ஒரு சத்தம் கேட்டது. மூன்று சேர்ந்த ஒன்றா, இரண்டு சேர்ந்த ஒன்றா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

கழுவிப் பார்த்தபோது இரண்டு ஃபிலிம்கள் நன்றாக வந்திருந்தன. இலை, பழம், குத்துவிளக்கு, அதன் மேல் சாம்பிராணிப் புகை சாய்ந்து நின்றது. மூன்றாவது கண்ணாடித் துண்டுபோல் தெளிவாக இருந்தது. அதன் மேல் வெளிச்சமே பட்டிருக்கவில்லை.

சாரதாம்பாள் இரண்டு படங்களையும் பார்த்தார். கணவர் இலையின் மேல் சாய்ந்த புகையை விரலால் தொட்டார். சின்ன இலையின் மேலிருந்ததையும் தொட்டார். பிறகு வெற்று ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் வழியாகத் தெருவைப் பார்த்தார். அவர் முகம் இளகியதைக் கருணாகரன் அதற்கு முன் கண்டதில்லை.

"அவன் அங்கே இல்லை," என்றார். "நான் சொன்னேனே."

"மாக், இது காமிரா செய்த தப்பு. மூணாவது விழலை. அவ்வளவுதான்."

"மூணுல அது மட்டும் ஏன் விழலை?"

அன்று மாலை ருக்மணி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். அவள் நிமிரவில்லை.

"மெஷின்தானே?" என்றாள்.

"மெஷின்தான்."

"அப்போ ரிப்பேர் பண்ணுங்க."

அவள் அவரிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

கடையில் மூன்றையும் மேசைமேல் வைத்து ஆரம்பித்தார். தனித்தனியாக அழுத்தினால் மூன்றும் விழுந்தன. இரண்டிரண்டாகச் சேர்த்தாலும் விழுந்தன. மூன்றையும் சேர்த்தார், அப்போதும் விழுந்தன. ஐம்பது முறை அழுத்தியும் ஒருமுறைகூடத் தவறவில்லை. காமிராவை இடம் மாற்றினார். காந்தத்தை மாற்றினார். ரேடியோவிலும் அவர் வழக்கம் இதுதான்: ஒரு வால்வு மேல் சந்தேகம் என்றால் அதைக் கழற்றி நல்ல ரேடியோவில் போடுவது. கோளாறு கூடவே போனால் குற்றம் வால்வில். இருந்த இடத்திலேயே நின்றால் குற்றம் இடத்தில். இங்கே கோளாறு எங்கும் போகவில்லை, நிற்கவும் இல்லை. இல்லாத கோளாறை எப்படித் துரத்துவது?

பேட்டரி இரவல் தந்த டேக்சிக்காரர் தேவதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு கண்ண வச்சிக்கிட்டு ஒண்ணும் தெரியல உனக்கு. எனக்கு ரெண்டு கண்ணுலயே எல்லாம் தெரியுது."

"என்ன தெரியுது?"

"நீ எதுக்கு ராப்பகலா இதுல கெடக்கறன்னு."

தேவதாஸ் காலால் கம்பிச் சுருளைத் தள்ளினார். "அன்னிக்கு அந்த வீட்டுல இதையா போட்ட? இவ்ளோ நீளத்தையா? தலைமுடி மாதிரி இருக்குலா."

கருணாகரன் அப்போதுதான் அந்தச் சுருளைப் பார்த்தார். மேசைமேல் அவர் போட்டிருந்தது இரண்டு முழம் கம்பி. வீட்டில் போட்டது முப்பதடி. அதே முப்பதடியை இணைத்து அழுத்தினார். இரண்டு விழுந்தன. மூன்றாவது மெல்ல அசைந்து, விழாமல் நின்றது. மறுபடி அழுத்தினார். இம்முறை வேறொன்று விழவில்லை. பேட்டரியில் பலம் இருந்தது. மூன்றுக்கும் அது போகிற வழிதான் ஒன்றாக இருந்தது. மெல்லிய அந்த ஒரே வழியில் மூன்றும் ஒரே நொடியில் இழுத்தால், யாரோ ஒருவருக்குப் பற்றாமல் போகும்.

காமிராவுக்கு ஒரு பேட்டரி, ஒரு தடித்த கம்பி என்று தனித்தனியாக்கினார். பொத்தான் மட்டும் ஒன்று.

"மூணு பேட்டரியா?" என்றார் தேவதாஸ். "நாளைக்கு என் கார் கெளம்பலைன்னா தள்றதுக்கு உன் பேய்ங்கள அனுப்பி வை."

முப்பதடியில் இருநூறு முறை அழுத்தினார். இருநூறும் விழுந்தன. ஆகஸ்டு முப்பத்தொன்றில் திடலில் எடுத்த மூன்று படங்களும் ஒட்டியது தெரியாமல் ஒட்டின. கொடியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயிரம் முகங்களில் ஒன்றுகூட இரண்டாக வரவில்லை. விழாக்குழுவில் கைகுலுக்கினார்கள். அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஜனவரியில் வரும் போகியையே எண்ணிக்கொண்டிருந்தார்.

சாரதாம்பாள் முதலில் மறுத்தார். "ஒரு தடவ பாத்தாச்சு." ருக்மணிதான் கேட்டாள். அதிகம் பேசவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவ, அத்தை," என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சாரதாம்பாள் அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பத்துமூன்று வயது முடிந்திருந்தது. காதோரம் நரை வந்திருந்தது.

போகியன்று காலையிலேயே கருணாகரன் உள்ளே போனார். போன தடவை மாணிக்கவாசகத்தின் இலைக்கு வைத்து நன்றாக விழுந்த காமிராவை, இம்முறை மூன்றாம் இலைக்கு வைத்தார். காந்தம், கம்பி, பேட்டரி எல்லாமே புதியவை. ஃபிலிம் இல்லாமல் இருபது முறை அழுத்தினார். எல்லாம் விழுந்தன. சோறும் மீன் கறியும் பரிமாறியிருந்தார்கள். சாம்பிராணிச் சட்டி வந்துவிட்டது. வெளிச்சம் போதுமா என்று பார்க்க, மூன்றாவது காமிராவில் மட்டும் ஒரு ஃபிலிம் போட்டுக் கையாலேயே விசையைத் தட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதைப் பையில் வைத்துவிட்டு, மூன்றிலும் புது ஃபிலிம் போட்டு, அதை வெளிச்சம் படாமல் மறைக்கும் தகடுகளை உருவினார். மூன்று தகடுகளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

எல்லாரும் வெளியே வந்தார்கள். சாரதாம்பாள் மட்டும் மறுபடி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு வந்து கதவைச் சாத்தினார். கருணாகரன் அழுத்தினார். உள்ளே ஒரு சத்தம்.

ருக்மணி அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையின் இருட்டறையில் முதல் இரண்டிலும் படம் ஏறி வந்தது. மூன்றாவதைத் தட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தார். நேரம் கடந்த பிறகும் ஆட்டினார். தெளிந்த கண்ணாடித் துண்டு. விரலைப் பின்னால் வைத்தால் விரல் தெரிந்தது.

காமிராவை எடுத்து அழுத்தினார், விழுந்தது. பேட்டரி நிறைவாக இருந்தது. கம்பியில் அறுபட்ட இடமோ கதவு நசுக்கிய தடமோ இல்லை. மூன்று தகடுகளும் சட்டைப்பையில் இருந்தன. நாற்பது முறை அழுத்திப் பார்த்தார். நாற்பதும் விழுந்தன. காமிரா மாறியிருந்தது. கம்பி மாறியிருந்தது. பேட்டரி மாறியிருந்தது. மாறாமல் இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த இருட்டில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்று தெரிந்தும், யாரோ எழுந்து போகக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். உயிரோடு எங்கோ இருக்கிறவன், 'நான் அங்கே வரவில்லை' என்று இரண்டு முறை சொல்லிவிட்டானா? அல்லது செத்தவன், 'என் இடத்தைப் பார்க்காதே' என்கிறானா? எது என்று இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி எல்லாவற்றையும் இவர் செய்து முடித்திருந்தார்.

வெளிச்சம் பார்க்க எடுத்த படத்தையும் கழுவியிருந்தார். அது கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதே இலை, அதே சோறு. அதன் மேல் புகை, தலை குனிந்து உட்கார்ந்த ஆள்போல் வளைந்திருந்தது. அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முயன்றார்.

இரண்டு நாள் சாரதாம்பாள் ஒன்றும் கேட்கவில்லை. ருக்மணியும் கேட்கவில்லை. அவள் சோறு போடும்போது மட்டும் கரண்டி ஒரு கணம் நின்று பிறகு நகர்ந்தது. மூன்றாம் நாள் காலை அவர் மூன்று படங்களைப் பிரதி எடுத்து உறையில் போட்டுக் கொண்டுவந்தார்.

சாரதாம்பாள் முன்கூடத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். முதல் இரண்டையும் மடியில் வைத்தார். மூன்றாவதை வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் புகையின் மேல் போகவில்லை. இலையின் வலது ஓரத்தில் போய் நின்றது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் பாய்தான் தெரிந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அவர் தலையைத் தூக்கிக் கருணாகரனைப் பார்த்தார். பிறகு ருக்மணியைப் பார்த்தார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வந்திருக்கான்," என்றார்.

பிறகு தமிழில், ஒரே சொல்லாக, "போதும்," என்றார்.

அழவில்லை. ருக்மணியை அழைத்துக் கோயில் குருக்களிடம் காரியத்துக்கு நாள் பார்த்துவரச் சொன்னார். எழுந்து உள்ளே போகும்போது, "கருணா, இனிமே அந்தப் பெட்டிங்கள இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதே," என்றார். குரலில் கோபம் இல்லை.

காரியம் முடிந்து ஐந்து மாதம் ஆனது. ருக்மணிக்கும் கருணாகரனுக்கும் கல்யாணத்தைப் பதிவு செய்யலாம் என்று சாரதாம்பாளே பேச்செடுத்தார். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் ருக்மணி பின்னறை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் படம் இருந்தது.

"அன்னிக்கு அத்தை கடைசியா உள்ள போனாங்க இல்ல? எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அவர் குடிக்கற இரும்புக் கோப்பையில கோப்பி வச்சாங்க. இலைக்கு வலப்பக்கம். கதவு திறந்தப்புறம் நான்தான் எடுத்து ஊத்திக் கழுவினேன். நெறைய இருந்துச்சு." அவள் படத்தை நீட்டினாள். "இதுல கோப்பை இல்ல."

அவர் அதை வாங்கவில்லை. வாங்காமலே தெரிந்தது.

"மூணாவது மறுபடியும் விழலை," என்றார். "ஏன்னு எனக்குத் தெரியல, ருக்மணி. சத்தியமா தெரியல. இது காலையில எடுத்தது."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். கொல்லையில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அவர்கள் இருவரும் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தைக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் அவள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொன்னாங்க."

அவர் தலையசைத்தார்.

"இதைக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க என்னைக் கேட்டிருக்கலாம்," என்றாள். "வேணாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா கேட்டிருக்கலாம்."

படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. கல்யாணத்தை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை மூவரும் தேவதாஸின் டேக்சியில் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். சாரதாம்பாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பார்ச்சுக்கும் அந்த வீட்டில் மூன்று இலை போட்டார்கள். மூன்றாவதற்கும் பெயர் சொல்லி அழைத்தார்கள். கதவைச் சாத்தியதும் கருணாகரன் முன்கூடத்தில் வெறும் கையோடு நிற்பார். மற்றவர்கள் முகம் திருப்பியிருக்கும் நேரத்தில் அவர் காது கதவின் பக்கமே இருக்கும். என்ன சத்தத்துக்காக என்று அவரே என்னிடம் சொன்னதில்லை.

சாரதாம்பாள் 1966ல் அந்த வீட்டிலேயே இறந்தார். தேவதாஸ் டேக்சியை விற்றுவிட்டுக் கிளேபாங்கில் மகன் வீட்டுக்குக் குடிபோனார். ருக்மணிக்கும் கருணாகரனுக்கும் ஒரே மகள். அவள் பத்து பெரெண்டாமில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். ருக்மணி 1991ல் போனாள், கருணாகரன் அதற்கு நான்கு வருஷம் கழித்து. இராமலிங்கத்தைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை.